கொளத்தூர் ‘மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்’ சிக்லிட் பை: வாங்கலாமா?

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஆப்பிரிக்கன் சிக்லிட் (பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மீன்) கேட்டால், பெரும்பாலும் முதலில் கைகாட்டப்படுவது ஒரே தொட்டியில் மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாகக் கலந்து ஓடும் ஒன்றரை இன்ச் குஞ்சுகள்தான். வலையில் அள்ளி, பத்தோ பன்னிரண்டோ எண்ணி, ஆக்சிஜன் அடித்துக் கட்டிக் கொடுப்பார்கள். வகை பிரித்து விற்கும் மீனைவிட விலை குறைவு. வீட்டுத் தொட்டியில் விட்ட முதல் மாதம் கடல் மீன் வளர்ப்பது போலவே இருக்கும். ஐந்தாவது மாதம் அதே தொட்டியில் மூன்று நான்கு மிஞ்சியிருந்தால் அதிகம்.

சண்டைக்கார மீன் என்று தெரிந்துதான் வாங்குகிறோம். ஆனால் அந்தப் பையில் சண்டையைப் பங்கு போட்டுக்கொள்ள வழியே இல்லை என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

பைக்குள் என்னென்ன வருகிறது என்று பார்ப்போம். மஞ்சள் உடம்பில் நீளவாக்கில் கறுப்புப் பட்டை ஓடினால் அது அவுராட்டஸ். குஞ்சிலும் பெண்ணிலும் இந்த நிறம். ஆண் தலையெடுத்ததும் உடம்பு கறுத்து, பட்டை வெளிறி, பழைய நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி ஆகிவிடும். நிறம் மாறிய அந்த வாரத்திலிருந்து தொட்டி அதனுடையது. குறுக்கே கருநீலக் கோடு போட்ட நீலக் குஞ்சு கென்யியாக இருக்கலாம். இதில் பெண் நீலமாகவே இருக்கும், ஆண் வளர வளர மஞ்சளாகும். சாதுவான எலக்ட்ரிக் யெல்லோ என்று நம்பி அதை விட்டுவைப்பவர்கள் நிறைய. எலக்ட்ரிக் யெல்லோவுக்கு உடம்பில் கோடு கிடையாது, முதுகுத் துடுப்பில் மட்டும் கறுப்புப் பட்டை ஓடும். வெளிர் உடம்பில் ஒட்டகச்சிவிங்கி மாதிரி பழுப்புத் திட்டு இருந்தால் வெனுஸ்டஸ் அல்லது லிவிங்ஸ்டோனி. இரண்டும் 25 செ.மீ. வரை வளரும், வாய்க்குள் போகிற மீனைத் தின்னும். லிவிங்ஸ்டோனி மணலில் செத்த மீன் போலச் சாய்ந்து கிடந்து, கிட்டே வரும் குஞ்சைப் பிடிக்கும். நடிப்பில் ஆள் கெட்டிக்காரன், மூன்றடித் தொட்டியில்தான் வைக்க முடியாது. சில பைகளில் ஜூவல் சிக்லிடும் வந்துவிடும். அது மேற்கு ஆப்பிரிக்க ஆற்று மீன், மற்றவை போல மலாவி ஏரியைச் சேர்ந்ததே அல்ல. ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் பாதித் தொட்டியைக் காலி செய்ய வைக்கும்.

வகைக்கு ஒன்றிரண்டு மட்டும் இருப்பதால், ஆண் துரத்துவதற்கு ஒரே ஒரு பெண்தான், அல்லது அதுவும் இல்லை. அடி முழுக்க ஒரு மீன் மேல் விழும். அடிபடும் மீனை அடையாளம் காண்பது சுலபம். ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையில், தலையை மேலே வைத்துச் சாய்வாகத் தொங்கும். வால் நுனி கிழிந்திருக்கும், பக்கவாட்டில் இரண்டு மூன்று செதில் உதிர்ந்து வெள்ளையாகத் தெரியும். தீனி போட்டாலும் கீழே வராது. இதை நோய் என்று நினைத்து நீல மருந்து ஊற்றுவதால் பயனில்லை. அன்றைக்கே ஒன்று அந்த மீனை எடுக்க வேண்டும், அல்லது அடிப்பவனை எடுக்க வேண்டும். அடிப்பவனை எடுப்பதுதான் சரி. ஒரு வாரம் தனியாக வைத்து, பாறைகளை மாற்றி அடுக்கிவிட்டுத் திரும்ப விட்டால், பழைய எல்லை கலைந்து போயிருக்கும்.

ஆகவே கலப்புப் பைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். அதற்காகக் கொளத்தூரையே ஒதுக்க வேண்டியதில்லை. இங்கே வரும் ம்பூனாக்களில் (மலாவி ஏரியின் பாறையோர சிக்லிட்கள்) பெரும்பாலானவை நம் பக்கத்துப் பண்ணைகளில் பெருகியவை. கடினமான போர் தண்ணீருக்குப் பழகியவை. வகை பிரித்துக் கேட்டால் பல கடைகளில் கிடைக்கும். நாலடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு எலக்ட்ரிக் யெல்லோ 6, ஏசி (acei என்ற மீன்) 6, சோகோலோஃபி 6 என்று வாங்கலாம். ஏசி நடுத்தண்ணீரிலும் மேலேயும் ஓடும், மற்ற இரண்டும் பாறையோடு இருக்கும். நிறமும் வடிவமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் முறைப்பு குறையும், கலப்புக் குஞ்சு பிறப்பதும் குறையும். ஒரு வகையில் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் தேறுவதுதான் கணக்கு. குஞ்சில் ஆண் பெண் தெரியாது, அதனால்தான் ஆறு. வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கத் துடுப்பில் உள்ள முட்டை போன்ற புள்ளியை வைத்து ஆண் என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம், பெண்ணுக்கும் அது வரும். டெமசோனி என்ற சின்ன நீல ம்பூனா பிடித்திருந்தால் ஒன்று, இல்லையென்றால் பன்னிரண்டுக்கு மேல். இரண்டு மூன்று வாங்கினால் கடைசியில் ஒன்றுதான்.

பதினெட்டு மீனையும் ஒரே நாளில் விட்டால் எல்லோரும் புதியவர்கள், யாருக்கும் சொந்த இடம் கிடையாது. ஆனால் அதற்கு ஃபில்டர் தயாராக இருக்க வேண்டும். அம்மோனியா போட்டு, மீன் கழிவின் அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியாவை நான்கு முதல் ஆறு வாரம் வளர்த்துவிட்டுத்தான் மீன். பி.எச். 8க்கு மேல் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவின் விஷப்பகுதி கூடுதல் என்பதால், கோல்டு ஃபிஷ் தாங்கும் அளவுகூட இங்கே தாங்காது.

மலாவி ஏரியின் இன்னொரு சிக்லிட்டான பீக்காக் வகை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. இரண்டு இன்ச்கூட இல்லாத குஞ்சுகள் தொட்டி முழுக்க ஒன்றுவிடாமல் பளபளவென்று நீலமும் சிவப்புமாக மின்னினால், ஹார்மோன் கொடுத்து ஏற்றிய நிறம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் பீக்காக் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஹார்மோன் நின்றதும் சில வாரங்களில் வெளுத்துவிடும், பாதி பெண்ணாகவும் இருக்கும்.

கடையில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். எல்லாம் பாய்ந்து வர வேண்டும். வாயில் எடுத்துத் துப்புகிற மீனும், வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கும் மீனும் இருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள், அது ப்ளோட் எனும் வயிறு வீங்கும் நோயாக இருக்கலாம். ஞாயிறு கூட்டத்தில் இதற்கெல்லாம் பொறுமை இருக்காது. வாரநாள் காலையில் போனால் கடைக்காரரே வலையை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுவார்.

மீனோடு சேர்த்துத் தள்ளிவிடப்படும் பொருட்களில்தான் காசு வீணாகிறது. இரண்டடித் தொட்டி செட் வேண்டவே வேண்டாம், எல்லை பிரிக்க நீளம் போதாது. கலர் கூழாங்கல்லுக்குப் பதில் அலசிய மணல், இரண்டு இன்ச். மரக்கட்டை அழகுதான், ஆனால் அது கசியும் சாயம் பி.எச்.ஐக் கீழே இழுக்கும். ம்பூனா கேட்பதோ 7.8 முதல் 8.5. பாறை வாங்கினால் 40 கிலோவாவது வேண்டும். கண்ணாடி மேல் முதலில் ஒரு பிளாஸ்டிக் கிரில் ஷீட், அதன் மேல் பாறை, கடைசியாக மணல். மணலை முதலில் கொட்டினால் மீன் அடியில் தோண்டும், பாறை சரியும், அடிக்கண்ணாடி விரிசல் விடும்.

ஃபில்டரில் கஞ்சத்தனம் கூடாது. மேற்சொன்ன தொட்டி ஏறக்குறைய 255 லிட்டர். மணிக்கு எட்டு மடங்காவது தண்ணீர் சுற்ற வேண்டும், அதாவது 2000 லிட்டர். பெட்டியில் 2000 என்று போட்ட கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் ஃபில்டர்), உள்ளே வடிகட்டும் மீடியா நிரப்பி, குழாய் உயரமும் சேர்ந்தால் அதைவிடக் குறைவாகத்தான் தள்ளும். கூடவே ஸ்பாஞ்ச் மாட்டிய ஒரு பவர்ஹெட் (தண்ணீருக்குள் வைக்கும் சிறு பம்ப்) வையுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் அவசியம். மே மாதத்தில் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும்போது ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மின்சாரம் இரண்டு மணி நேரம் போனால் நெரிசலான தொட்டி தாங்காது.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு இந்த மீன் ஒரு வரம், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக் கெடுக்காதவரை. ஆர்.ஓ.வில் கார்பனேட் இல்லாததால் பி.எச். தானாகச் சரியும். போர் தண்ணீரை ஒரு நாள் டிரம்மில் ஏர் விட்டு வைத்துப் பயன்படுத்தினால் போதும். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்ட்டி குளோரின். கே.எச். (தண்ணீரில் உள்ள கார்பனேட் அளவு) குறைவாகக் காட்டினால் 100 லிட்டருக்கு 6 கிராம் சமையல் சோடா ஏறக்குறைய 2 டிகிரி ஏற்றும். ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். வாரம் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுவது கட்டாயம்.

தீனியில், உயிர்ப்புழுவும் உறைந்த ரத்தப்புழுவும் கவுன்டரில் எடுத்து நீட்டப்படும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாறைப் பாசியை மேய்ந்து வாழும் மீனுக்கு நீளமான குடல். கொழுப்பும் இறைச்சியும் அதில் தேங்கினால் ப்ளோட் வர வழி. ஸ்பைருலினா கலந்த சிறு பெல்லட், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இருவேளை.

பணம் கொடுக்கும் முன் கடைசியாக ஒரு கேள்வி: ஆறு மீனில் மூன்று ஆணாக வளர்ந்தால், கூடுதல் ஆண்களைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? தலையாட்டும் கடையில் மீன் பத்து ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.