அப்பாவின் காதும் தங்கை குழந்தையின் காதும்: தமிழ்நாட்டுச் செவித்திறன் சேவைகள், ஓர் ஊர்ப் பயண அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போனதில் பெரும்பகுதி காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகளின் வாசலில்தான் கழிந்தது. அப்பாவுக்குச் செவித்திறன் சோதனை. தங்கைக்குப் பிறந்த பெண் குழந்தைக்கும் அதே கவலை. தமிழ்நாட்டில் இதற்கு என்ன வசதி இருக்கிறது, எந்த இடத்தில் நாமே விழித்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது என்பதை, என்னைப் போலத் தொலைவில் இருந்து பெற்றோரின் வைத்தியத்தைக் கவனிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பா எழுபதைத் தாண்டியவர். "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, நீங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்" என்பது பல வருடங்களாக அவர் கட்சி. அதில் நியாயம் உண்டு என்று இப்போது தெரிகிறது. முதுமையில் உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் பழுதாகும்போது உச்ச அலைவரிசை ஒலிகள், அதாவது கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகின்றன. உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழும், மெய்யெழுத்துகள் மங்கிப்போகும். கடை, படை, தடை மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும். சத்தம் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. வீட்டில் எல்லோரும் கத்தத் தொடங்குவதும், அவர் கோபித்துக்கொண்டு பேச்சைக் குறைப்பதும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

முதலில் காது மிஷின் விற்கும் ஒரு கடைக்குத்தான் போனோம். காதுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே மாடல்களை மேசையில் பரப்பி, "இதைப் போட்டுப் பாருங்கள் ஐயா" என்றார்கள். சோதனை எங்கே என்று கேட்டேன். வாங்கிய பிறகு செய்துகொள்ளலாம் என்றார்கள். வெளியே வந்துவிட்டோம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது வேறு. மருத்துவர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இடது காது முழுக்கக் குறும்பி கல்லாக இறுகிக் கிடந்தது. சொட்டு மருந்து கொடுத்து இளக வைத்து, சில நாள் கழித்து உறிஞ்சி எடுத்தார்கள். அதிலேயே கொஞ்சம் தெளிவு வந்தது. கடையிலேயே கருவி வாங்கியிருந்தால் குறும்பிக்கு மேல் கருவியைச் செருகிக்கொண்டு திரிந்திருப்பார். பட்ஸ், கோழி இறகு, ஊக்கு எதையும் காதில் விடக் கூடாது, எண்ணெய் ஊற்றக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். பட்ஸ் குறும்பியை உள்ளே தள்ளித்தான் விடும்.

பிறகு ஒலி புகாத அறையில் சோதனை. செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஓர் இளம்பெண். "ஐயா, எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் பட்டனை அழுத்துங்கள், சந்தேகமாக இருந்தாலும் பரவாயில்லை" என்று பொறுமையாக விளக்கினார். காதுக்குப் பின்னால் எலும்பில் ஓர் அதிர்வுக் கருவியை வைத்தும் பார்த்தார். கோளாறு நடுச்செவியிலா உட்செவியிலா என்பது அதில்தான் பிரிந்து தெரியும். சோதனை முடிவு ஒரு வரைபடமாக வரும். அதை வைத்துத்தான் காதொலிக் கருவியைக் கணினியில் அமைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதைப் போல, ஒருவருக்கு அமைத்தது இன்னொருவருக்கு உதவாது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். காது கேளாதவர்கள் வரும் அந்தப் பிரிவில் பெயர்களை வாயால்தான் கூப்பிடுகிறார்கள். மின்விசிறி இரைச்சல், கூட்டம், குழந்தைகளின் அழுகை. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் தன் பெயரைக் கூப்பிட்டதே தெரியாமல் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்தவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். எண் காட்டும் ஒரு பலகை மாட்டினால் போதும். எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் பெற்றோரை அனுப்பும்போது கூட ஒருவரை அவசியம் அனுப்புங்கள்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். நான் வசிக்கும் இங்கிலாந்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் முதல் சில வாரங்களுக்குள் செவித்திறன் சோதனை செய்ய அழைத்துவிடுகிறார்கள். தங்கைக்குப் பிரசவம் நடந்த தனியார் மருத்துவமனையில் கேட்டால்தான் செய்கிறார்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாக இருந்து ஒளிச் சிகிச்சை கொடுத்திருந்தார்கள். கடுமையான மஞ்சள் காமாலை செவி நரம்பைப் பாதிக்கக்கூடியது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து எடுக்கும் ஓஏஇ சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் அது உட்செவியோடு நின்றுவிடும். இப்படிப்பட்ட குழந்தைக்கு நரம்பு வரை பார்க்கும் பெரா சோதனையும் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். இரண்டும் சரியாக இருந்தன. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதுதான் உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. பேச்சு வராததைப் பார்த்துவிட்டு இரண்டு வயதில் ஓடுவது மிகவும் தாமதம்.

குறை இருப்பது தெரிந்தால் அரசு வழிகள் உண்டு. மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. தகுதியுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவியில் மின்கருவி பொருத்தும் கோக்லியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். காதொலிக் கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

அண்ணன் மகன் இயர்போனோடுதான் தூங்குகிறான். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், 90 டெசிபலில் வெறும் நான்கு மணி நேரம்: இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அவன் கைப்பேசியிலேயே ஒலி வரம்பை வைத்துக் கொடுத்தேன். செத்த மயிரணு மறுபடி முளைக்காது என்று ஆடியாலஜிஸ்ட் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் நின்றான். இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார்: ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் சளி என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

அப்பாவுக்கு இரண்டு காதுக்கும் கருவி பொருத்தியாயிற்று. முதல் வாரம் பாத்திரச் சத்தமும் செய்தித்தாள் மடிக்கும் சத்தமும் தாங்கவில்லை என்று கழற்றிவைத்தார். பல வீடுகளில் கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடுவது இந்தக் கட்டத்தில்தான். நீண்ட காலம் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழக வேண்டும். தினம் சில மணி நேரமாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒலி அளவை இரண்டு முறை திருத்தினார்கள். நான் கிளம்பிய பிறகான மறுபரிசோதனைக்கு அண்ணி கூட்டிப் போவார். வரைபடத்தின் நகல் என் கைப்பேசியில் இருக்கிறது. அடுத்த ஆண்டுச் சோதனையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.