நாலு வருசமா ஒரு ஈசிடிடி வியூவரோட குடும்பம் நடத்துதேன்

ஈசிடிடி வியூவர்ங்கது, மருந்துக்கு அனுமதி கேட்டு அரசாங்கத்துக்கு அனுப்புத டாக்குமெண்ட் கட்டைத் தொறந்து படிக்க ஒரு சாஃப்ட்வேர். மொதல்லயே சொல்லிடுதேன், அதோட பேரைக் கேக்காதீங்க. கம்பெனி லைசென்ஸ், கம்பெனி பேரும் வராது, பொறவு ஹெச்ஆர்ல கூப்பிட்டு வச்சு விசாரணை நடத்துவாவ. இந்த வகை வியூவர் எல்லாமே அக்கா தங்கச்சி சாடைலதான் இருக்கு, அதனால பேரு தெரியாட்டாலும் நான் சொல்லுதது உங்களுக்குப் பிரயோசனப்படும்னு நெனைக்கேன். 2021 கடைசில இருந்து பாளையங்கோட்டைல வீட்டு மச்சில உக்காந்து (மச்சின்னா எங்க ஊர்ல மாடி, மெட்ராஸ்காரவ வேற எதுவும் நெனைச்சுக்கிடாதீங்க) இதுலதான் என் சோலி. படிச்சது பி ஃபார்ம், வேலை ரெகுலேட்டரி அஃபையர்ஸ், ஐதராபாத்துல ஒரு ஜெனரிக் மருந்து கம்பெனிக்கு. அமெரிக்காவுக்குப் போற ஏஎன்டிஏ (ஜெனரிக் மருந்துக்கு அனுமதி கேக்குத விண்ணப்பம்) டாக்குமெண்ட் எல்லாத்தையும் அனுப்புததுக்கு முன்னாடி வரி வரியா படிச்சு, தப்பைக் குறிச்சு, அந்தந்த டிபார்ட்மெண்ட்டுக்குத் திருப்பி விடணும். எங்கம்மா கணக்குல இது "பகல் பூரா பரிச்சை பேப்பர் திருத்துத வேலை". அதுவும் சரிதான்.

புதுசா இந்த லைனுக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் வெளக்கிடுதேன். எஃப்டிஏக்கு (அமெரிக்காவோட மருந்து அனுமதி ஆபீஸ்) பேப்பர் கட்டு அனுப்புத காலம் எல்லாம் போயாச்சு, 2017 மே 5ல இருந்து ஏஎன்டிஏ, புது மருந்துக்கான என்டிஏ, உயிரியல் மருந்துக்கான பிஎல்ஏ எல்லாம் ஈசிடிடி ஃபார்மேட்லதான் போகணும். மொத்தம் 5 மாட்யூல், ஒண்ணாவதுல அந்தந்த நாட்டுக்கான ஃபாரமும் லெட்டரும், ரெண்டாவதுல சுருக்கம், மூணாவது குவாலிட்டி, நாலாவது மிருக ஆய்வு, அஞ்சாவது மனுச ஆய்வு. ஜெனரிக்குக்கு நாலாவது பெரும்பாலும் காலியாத்தான் கெடக்கும். ஃபோல்டரைத் தொறந்தா நூத்துக்கணக்குல பிடிஎஃப், கூட இண்டெக்ஸ்னு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், அதை எங்க ஆளுக பேக்போன்ம்பாவ. எந்த பிடிஎஃப் எந்தத் தலைப்புக்குக் கீழ வரும், அது புதுசா, பழசுக்குப் பதிலா வந்ததா, பழசோட சேத்ததா, இல்ல பழசை எடுத்தே போட்டாச்சா, எல்லாம் அதுலதான் இருக்கும். வியூவர்ங்கது அந்த எக்ஸ்எம்எல்லைப் படிச்சு, கெளை கெளையா விரிச்சு நம்ம கண்ணுக்குக் காட்டுத சாமான்.

இப்ப அனுபவத்துக்கு வாரேன். படிக்கதுக்குன்னு பாத்தா, இது இல்லாம நான் எப்படி வேலை பாத்தேன்னு இப்ப எனக்கே ஆச்சரியமா இருக்கு. முன்னாடி இருந்த எடத்துல வியூவர் கெடையாது, ஃபோல்டர் ஃபோல்டரா பூந்து பூந்து தேடணும், 0000ங்க மொத சீக்வென்ஸ்ல (ஒவ்வொரு தடவை அனுப்புத கட்டையும் நம்பர் போட்டு சீக்வென்ஸ்ம்பாவ) ஒரு ஸ்பெசிஃபிகேசன் (மருந்து எந்தச் சோதனைல என்ன லிமிட்டுக்குள்ள இருக்கணும்ங்க பட்டியல்), 0004ல அதை மாத்திருப்பாவ, 0009ல திரும்ப மாத்திருப்பாவ, இப்ப உயிரோட இருக்கது எதுன்னு தெரியணும்னா கைல ஒரு எக்செல் வச்சுக்கிட்டு ஜாதகம் பாக்க மாதிரி பாக்கணும். இதுல கரண்ட் வியூன்னு ஒரு பட்டன், அமுக்குனா கடைசியா செல்லுபடியாகுதது மட்டும் நிக்கும், பழசு எல்லாம் மறைஞ்சிரும். வேணும்னா ஒவ்வொரு டாக்குமெண்ட்டுக்கும் வம்சாவளியையும் எடுத்துக்கிடலாம், எந்த சீக்வென்ஸ்ல பொறந்து எதுல மாறுச்சுன்னு. குடுத்த காசுல பாதி இதுக்கே செரிச்சுரும்.

ரெண்டு டாக்குமெண்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்க வசதியும் நல்லா இருக்கு. மூணாவது மாட்யூல்ல 3.2.பி.5.1ங்க தலைப்புல உள்ள ஸ்பெசிஃபிகேசனை இடப்பக்கம் வச்சு, வலப்பக்கம் ரெண்டாவது மாட்யூல் சுருக்கத்தை வச்சு லிமிட் ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கலாம். ஆனா 14 இஞ்ச் லேப்டாப்ல ரெண்டையும் வச்சா எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நான் எங்க ஊரு வண்ணார்பேட்டைல போய் ஒரு 24 இஞ்ச் மானிட்டர் வாங்கியாந்து அதை நட்டக்குத்தலா திருப்பி வச்சிருக்கேன், ஒரு முழுப் பக்கம் அப்படியே தெரியும். கண்ணு வலி பாதி கொறைஞ்சுட்டு. இந்த வேலைக்கு வாரவ எல்லாரும் மொத மாசச் சம்பளத்துல செய்ய வேண்டியது இதுதான், அல்வா எல்லாம் பொறவு வாங்கிக்கிடலாம்.

லிங்க்கு விசயத்துலதான் எரிச்சல். அஞ்சு பக்கமோ அதுக்கு மேலயோ இருந்தா உள்ளடக்கமும் புக்மார்க்கும் வேணும்னு எஃப்டிஏவோட பிடிஎஃப் விதி சொல்லுது, வேற எடத்தைச் சுட்டுத லிங்க்கு நீல எழுத்துலயோ மெல்லிசு கோட்டுக் கட்டத்துக்குள்ளயோ இருக்கணும், புக்மார்க்கை அமுக்குனா ஜூம் அளவு மாறாம நாம வச்சபடியே நிக்கணும், எல்லாம் நல்ல விதிதான். ஆனா இந்த வியூவர்ல ஒரு லிங்க்கை அமுக்கி வேற டாக்குமெண்ட்டுக்குப் போய்ட்டு பேக் பட்டனை அமுக்குனா, நான் கெளம்புன 212ஆம் பக்கத்துக்கு வராம மொத பக்கத்துல கொண்டாந்து விட்டுரும். நாலு வருசமா சொல்லுதோம், சப்போர்ட்டுல "நோட் பண்ணிக்கிட்டோம்" சொல்லுதாவ, அவ்வளவுதான். நான் பக்க நம்பரை மேசைல ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டுத்தான் லிங்க்கையே அமுக்குதேன். லட்சக்கணக்குல வெலை போட்ட சாஃப்ட்வேருக்கு முட்டுக் குடுக்கது ஒரு துண்டுப் பேப்பர்.

சரி, குறிப்பு போடுத கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தேன்.

மொத வருசம் நடந்தது. சீக்வென்ஸ் எல்லாம் கட்டி முடிச்சாச்சு, மறுநாள் அனுப்பணும், ராத்திரி வேலிடேட்டர்ல (விதிப்படி கட்டிருக்கான்னு சோதிக்க சாஃப்ட்வேர்) ஓட்டுனா ஒரு ஃபைல்ல செக்சம் ஒத்துப் போகலன்னு செவப்பா எழுதுது. என்னன்னா, ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் எம்டி5ன்னு ஒரு கணக்கு போட்டு அந்த நீள நம்பரை எக்ஸ்எம்எல்ல எழுதி வச்சிருக்கும், ஃபைல்ல ஒரு புள்ளி மாறுனாக்கூட நம்பர் மாறிரும். எங்க டீம்ல தென்காசிக்காரத் தம்பி ஒருத்தன் உண்டு, அவன் கடைசியா ஒருவாட்டி பாத்துக்கிடுவோம்னு ஃபோல்டர்ல இருந்தே ஃபைலை சாதா பிடிஎஃப் ரீடர்ல தொறந்திருக்கான்.

"ஏய்யா, எதுவும் மாத்துனியா?"

"இல்லக்கா, சும்மா பாத்தேன். மூடும்போது சேவ் பண்ணட்டான்னு கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன்."

"குடுத்தியா! சவம், அதுதான்."

அவனைத் திட்டி என்ன செய்ய, நாமளும் அப்படித்தான் எது கேட்டாலும் சரின்னு அமுக்குதோம். ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து மூல ஃபைலை எடுத்துத் திரும்பக் கட்டுனோம். அன்னைக்குத்தான் வியூவர்க்குள்ளயே குறிப்பு போடுததோட அருமை எனக்குப் புரிஞ்சுது. இதுல நாம மஞ்சள் அடிச்சாலும் கட்டம் போட்டாலும் அது பிடிஎஃப்ல ஏறாது, தனியா டேட்டாபேஸ்ல போய் உக்காந்துக்கிடும், பக்கத்துக்கு மேல கண்ணாடித் தாளை வச்சு அதுல எழுதுன மாதிரி. ஆறு பேரு ஒரே டாக்குமெண்ட்ல எழுதலாம், யாரு எப்ப எழுதுனான்னு பேரும் நேரமும் இருக்கும், ஒரு குறிப்பை இன்னாருக்குன்னு ஒதுக்கி விடலாம், முடிஞ்சதை முடிஞ்சுதுன்னு மூடலாம், எல்லாத்தையும் எக்செல்லா எறக்கிக்கிடவும் செய்யலாம். அந்த மட்டுக்கும் சந்தோசம்.

ஆனா அதே கண்ணாடித் தாள்தான் ரெண்டாவது வருசம் என் காலை வாரிச்சு. ஒரு மாத்திரைக்கு டிசொலூசன் (மாத்திரை கரையுத) லிமிட் முன்னாடி 45 நிமிசம், எஃப்டிஏக்காரவளா கேள்வி கேட்டு இறுக்கச் சொன்னதுல 30 நிமிசமா மாத்துனோம். ஸ்பெசிஃபிகேசனை மாத்தியாச்சு, சுருக்கத்தையும் மாத்தியாச்சு, 3.2.பி.8.3 ஸ்டெபிலிட்டி (நாள்பட வச்சிருந்தா மருந்து தாங்குதான்னு சோதிச்சது) டேபிள் தலைப்புல மட்டும் இன்னும் 45ன்னே கெடந்துது. அதைப் பாத்தேன், மஞ்சள் அடிச்சேன், "30ஆ மாத்தணும், பி.5.1ஐப் பாக்கவும்"னு தெளிவா எழுதுனேன், ஸ்டெபிலிட்டி டீமுக்கு ஒதுக்கியும் விட்டேன். மறுநாள் அவுக 18 மாச டேட்டா வந்துட்டுன்னு சொல்லி, என் குறிப்பைப் பாக்கததுக்கு முன்னாடியே, புது ஃபைலைப் பழசுக்குப் பதிலா ஏத்திட்டாவ. இந்த வியூவர்ல குறிப்பு ஃபைலோட ஒட்டிக்கிடக்கும், 3.2.பி.8.3ங்க தலைப்போட இல்ல. பழைய ஃபைல் பின்னால போச்சு, என் குறிப்பும் அது கூடவே போச்சு. கரண்ட் வியூல பாத்தா புது டாக்குமெண்ட் பளிச்சுன்னு ஒரு குறிப்பும் இல்லாம நிக்கு. பாக்கி குறிப்பு எத்தனைன்னு லிஸ்ட்டைப் பாத்தாலும் பூஜ்யம்தான், ஏன்னா அந்த லிஸ்ட்டே கரண்ட் வியூல இருக்கத மட்டும்தான் எண்ணும்! புது ஃபைல்ல 45 அப்படியே இருக்கு. அப்படியே எஃப்டிஏக்குப் போய்ச் சேந்துட்டு. கொஞ்ச நாள் கழிச்சு அவுகட்ட இருந்து இன்ஃபர்மேசன் ரிக்வெஸ்ட், அதாவது விளக்கம் கேட்டு லெட்டர், வந்துது, ஸ்பெசிஃபிகேசன்ல 30, ஸ்டெபிலிட்டில 45, எது சரின்னு.

அது வந்த அன்னைக்கு ஆனித் தேரோட்டம். வீடு பூரா சொந்தக்காரவ, கீழ பட்டாசல்ல இலை போட்டு சாப்பாடு நடக்கு, டவுனுக்குப் போற ரோடு எல்லாம் கூட்டம், நான் மச்சில ஃபேனுக்குக் கீழ உக்காந்து பதில் எழுதிக்கிட்டு கெடக்கேன். எங்க ஆச்சி படி ஏறி வந்து "ஏட்டி, தேர் இழுக்கப் போறாவ, இந்த அமெரிக்காக்காரனுக்கு என்னதான் வேணுமாம்"னு கேக்கா. 45க்கும் 30க்கும் உள்ள வித்தியாசத்தை ஆச்சிக்கு எப்படிச் சொல்ல. சோதனை எல்லாம் 30 நிமிசத்துலயும் பண்ணித்தான் வச்சிருந்தாவ, டேட்டா சரியாவே இருந்துது, டேபிள் தலைப்பு மட்டும்தான் தப்பு, அதனால தப்பிச்சோம். டேட்டா இல்லாம இருந்துருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சாலே வயித்தைக் கலக்குது.

அதுல இருந்து நான் ஒரு வழக்கம் வச்சிருக்கேன். தெனமும் சாயங்காலம் வேலையை மூடுததுக்கு முன்னாடி எல்லாக் குறிப்பையும், கரண்ட் வியூ இல்லாம முழு வியூல இருந்து, எக்செல்லா எறக்கிருவேன். அதுல ஃபைல் பேரு பக்கம் போக மாட்டேன், 3.2.பி.8.3ன்னு தலைப்பு நம்பரை வச்சுத்தான் அடுக்குவேன், ஃபைல் ஆயிரந்தடவ மாறுனாலும் தலைப்பு மாறாதுல்லா. புது ஃபைல் ஏறுனா அந்தத் தலைப்புல மூடாம கெடக்கத ஒவ்வொண்ணா புதுசுல தேடிப் பாத்து திரும்ப அடிப்பேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போகுது. சாஃப்ட்வேர் செய்ய வேண்டிய சோலியை நான் செய்யுதேன், கூலி யாரு தருவா?

இன்னொரு கொறை, ஸ்கேன் பண்ண பேட்ச் ரெக்கார்டு (ஒரு தொகுதி மருந்தை எப்படிச் செஞ்சாவன்னு எழுதுன பதிவு). கையால எழுதி, சீல் வச்சு, ஸ்கேன் பண்ணிருப்பாவ, அது படமாத்தான் உள்ள கெடக்கும், எழுத்தைப் புடிச்சு மஞ்சள் அடிக்க முடியாது, கட்டம் போட்டுத்தான் காட்டணும். அதுவும் சில பக்கத்தைச் சாய்ச்சு ஸ்கேன் பண்ணி, பொறவு திருப்பி வச்சிருப்பாவ, அங்க கட்டம் போட்டா அடுத்த ஆளு ஸ்க்ரீன்ல வேற எடத்துல போய் நிக்கும். நான் கட்டத்தை நம்பாம "பக்கம் 88, படி 14, கலக்குன நேரம்"னு வார்த்தையாவே எழுதிருதேன். கூட வேலை பாக்கவ கிட்டயும் இதைத்தான் கெஞ்சுதேன், சும்மா "சரி பாக்கவும்"னு குறிப்பு போடாதீங்க சாமி, எதைப் பாக்க, எதோட பாக்க, என்னவா மாத்தன்னு எழுதுங்க.

கரண்ட் கட்டு விசயமும் சொல்லணும். மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் எங்க பக்கம் சட்டவுன். யுபிஎஸ்ல லேப்டாப் தாங்கும், நெட்டு தாங்காது, போன் நெட்டுல விபிஎன் போட்டா 300 பக்க ஃபைல் தொறக்கங்காட்டி ஒரு சோறு வடிச்சிரலாம். ஆஃப்லைன் மோடு உண்டு, ஆனா அதுல போட்ட குறிப்பு திரும்ப ஏறும்போது ஒருவாட்டி மூணு மணி நேர வேலை காணாமப் போச்சு, அதுல இருந்து சட்டவுன் அன்னைக்கு படிக்கது மட்டும்தான், எழுதுதது நோட்டுல. சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாம ஸ்டெபிலிட்டி ரிப்போர்ட் படிக்கது ஒரு தனி அனுபவம், 40 டிகிரி 75 சதவீத ஈரப்பதத்துல ஆறு மாசம் மாத்திரையை வச்சுச் சோதிப்பாவல்லா, அந்த சேம்பருக்குள்ள நாமளும் கூட உக்காந்திருக்க மாதிரி இருக்கும்.

சொந்தக் காசுல வாங்கலாமான்னு ஃப்ரீலான்ஸ் பாக்க ரெண்டு பேரு கேட்டிருந்தாவ. வேண்டாம்னுதான் சொல்லுவேன். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு டாக்குமெண்ட் பாக்கவங்களுக்கு சாதா பிடிஎஃப் எடிட்டரே போதும், மூல ஃபோல்டரை ரீட் ஒன்லியா பூட்டி வச்சுட்டு காப்பில எழுதுங்க, எழுதுன குறிப்பை எக்ஸ்எஃப்டிஎஃப்னு தனி ஃபைலா வெளிய எடுத்து அனுப்பிரலாம், அவுக அதை அவுக காப்பில ஏத்திக்கிட்டா அப்படியே தெரியும். பத்து இருவது சீக்வென்ஸ் தாண்டுன ஃபைலைக் கட்டி மேய்க்கவங்களுக்குத்தான் வியூவர்.

இப்ப ஈசிடிடி 4.0ன்னு புது ஃபார்மேட் வேற வந்துட்டு. எஃப்டிஏ 2024 செப்டம்பர் 16ல இருந்து புது அப்ளிகேசனை அதுல வாங்க ஆரம்பிச்சுட்டாவ, கட்டாயம் இல்ல, விருப்பம் இருந்தா அனுப்பலாம். அதுல எம்டி5க்குப் பதிலா எஸ்ஹெச்ஏ 256, ஒரே டாக்குமெண்டைத் திரும்பத் திரும்ப ஏத்தாம வேற எடத்துல எடுத்தாளலாம், ஒண்ணுக்குப் பதிலா பல ஃபைல் பல ஃபைலுக்குப் பதிலா ஒண்ணுன்னு மாத்திக்கிடலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணு ஃபைல் ஒண்ணா சேரும்போது மூணுலயும் கெடந்த குறிப்பு எங்க போவும்னு டெமோ காட்ட வந்த ஆளுட்ட கேட்டேன், ரொம்ப நல்ல கேள்வி மேடம்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு.

வார மார்ச்சுல லைசென்ஸ் புதுப்பிக்கணும், வச்சுக்கிடலாமா வேண்டாமான்னு எங்ககிட்ட எழுதிக் கேட்டிருக்காவ. படிக்கதுக்கு இது போதும், வச்சுக்கிடுங்க, ஆனா என் எக்செல் ஷீட்டை மட்டும் யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி அனுப்பிருக்கேன்.