தாம்பரத்தில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்: கேட்டு, சொல்லி, மருந்து தருகிறார்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், தைராய்டு என மூன்றுக்கும் மாத்திரை, எல்லாம் மாதாமாதம் இந்தக் கடையில்தான். ஆன்லைன் அளவுக்குத் தள்ளுபடி கிடையாது, ஆனாலும் கடையை மாற்ற மனசு வரவில்லை.

காரணம் அங்கே இருக்கும் மருந்தாளுநர் அக்கா. பார்ம்.டி என்கிற மருந்தியல் பட்டம் படித்தவர். நோயாளிகள் ஏன் மாத்திரையைப் பாதியில் விடுகிறார்கள் என்பதைத்தான் ஆய்வுக்கு எடுத்தாராம். "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்க மாட்டார், அப்படிக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதானே சொல்வோம். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சும்மா?" என்பார், அம்மாவும் உள்ளதைச் சொல்லிவிடுவார். தைராய்டு மாத்திரையைக் காபியோடு போடுவதும், கூடவே கால்சியத்தையும் சேர்த்து விழுங்குவதும் அப்படித்தான் வெளியே வந்தது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபி அரை மணி நேரமாவது கழித்து, கால்சியம் நாலு மணி நேரம் தள்ளி என்று பெரிய எழுத்தில் எழுதி அட்டையிலேயே ஒட்டிக் கொடுத்தார். அட்டையை வெட்டினாலும் காலாவதி தேதி நம் பக்கம் வருகிற மாதிரிதான் வெட்டுவார்.

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொன்னது. நம் நாட்டில் மருந்தாளுநர் பணிக்கான 2015 விதிமுறைப்படி நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் மருந்தாளுநரின் வேலைதான். பல கடைகளில் அது நடப்பதே இல்லை, அதுதான் வருத்தம்.

குறை என்றால் சாயங்காலக் கூட்டம். அப்போது பேச நேரம் இருக்காது, கவரில் போட்டு நீட்டிவிடுவார்கள். காலை பதினொரு மணி வாக்கில், பழைய சீட்டு, மீதி மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.