காட்டில் எங்கும் சுடலாமா, சுடுதளத்தில் மட்டுமா?

அமெரிக்கத் தேசியக் காடுகளில் பொழுதுபோக்குக்காகக் குறிபார்த்துச் சுடப் பொதுவாக அனுமதி உண்டு. பெரும்பாலும் கட்டணமில்லை, காத்திருக்க வேண்டியதுமில்லை. வீடு, முகாம், ஆள் இருக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. காட்டுச் சாலைக்கோ நீர்நிலைக்கோ குறுக்கே சுடக் கூடாது. மற்றபடி, இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு இருக்கிறதா என்று பார்ப்பது சுடுபவர் பாடு.

ஆள் குறைவான மலைப்பகுதியில் இது சரி. டென்வர் போன்ற நகரத்தை ஒட்டிய காட்டில்தான் சிக்கல். பழைய டிவி, கண்ணாடி என்று கண்டதையும் இலக்காக வைத்துவிட்டு அப்படியே போட்டுப் போகிறார்கள். ஈயக் குண்டு மண்ணில் தங்குகிறது. தீ அபாயம் வேறு: 2017-இல் அரிசோனாவில் ஒருவர் வெடிக்கும் இலக்கைச் சுட்டதில் பரவிய ‘சாமில்’ என்ற காட்டுத்தீ, சுமார் 47,000 ஏக்கரை எரித்தது. அதுவும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் கொண்டாட்டத்தில்!

சுடுவதற்கென்றே அமைத்த சுடுதளத்தில் மண்கரை, ஒரே சுடும் திசை, ஈயத்தை ஒரே இடத்தில் அள்ளும் வசதி எல்லாம் உண்டு. ஆனால் செலவு அதிகம். சத்தத்துக்காக அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள். துப்பாக்கி, தோட்டா மீதான வரியிலிருந்து மாநிலங்களுக்கு வரும் நிதியைச் சுடுதளங்களுக்குப் பயன்படுத்துவதை 2019-இல் ஒரு சட்டம் எளிதாக்கியது.

நகரத்தருகே சுடுதளமே மேல் என்பேன். ஆனால் அதைத் திறந்த பிறகுதான் சுடுபவர்களுக்குக் காட்டை மூட வேண்டும். முதலிலேயே மூடினால் கூட்டம் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.