சந்து விளக்கும் உண்டியலின் இரண்டு பூட்டும்

மலேசியாவில் இருக்கிற ஊருக்குப் போய் ஆஸ்திரேலியாவில் பெர்த் திரும்பிவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. விமானம், பஸ், ஐசி (அடையாள அட்டை) புதுப்பித்தது எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது, அதை விடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு தெருவிளக்குக்காக.

எங்களுடையது பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்து ஊர். ரப்பரை அழித்து எண்ணெய்ப்பனை போட்டபோது இரண்டு தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்து எல்லாரையும் ஒரே மலிவு வீட்டுத் தாமானில் (குடியிருப்பில்) கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே காளியம்மன் கோயில். அப்புறம் என்ன நடக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவிட்டுக்கு முந்தைய ஆடித் திருவிழாவில் யார் கரகம் முன்னால் போவது என்று வாய்ச்சண்டை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற இருட்டுச் சந்திலிருந்து ஒரு போத்தல் பறந்து வந்தது, அவ்வளவுதான், பாராங் கத்தி வரை போய்விட்டது. ஒரு பையனுக்கு இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகாத அளவுக்கு ஊர் இரண்டாகிப் போனது. போத்தலை எறிந்தது யார் என்று இதுவரை தெரியாது.

தெரியாமல் போகிற விஷயம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பாட்டியிடம் பார்த்திருக்கிறேன். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதும் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார ஆட்சியின் அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி, அரிசிக்கு அளவு, கேட்டில் சோதனை. 1960 ஜூலை 31இல் அது முடிந்தது. ஆனால் தன் தம்பியைக் காட்டிக்கொடுத்தது அந்த வீட்டார்தான் என்று பாட்டி எதிர் லயத்துக் குடும்பத்தோடு சாகும்வரை பேசவில்லை. அதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

அதனால்தான் இந்த முறை ஊரில் பார்த்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சமாதானம் பேசியது ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கத்துக் குழு. 1975இல் அது தொடங்கியபோது அப்பாமார்கள் ராத்திரி ஜாகா (காவல்) போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். அக்கம்பக்கத்துத் தகராறில் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் வேலைதான். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும், தாமானில் எல்லாரும் மதிக்கிற ஒரு மலாய்க்காரப் பெரியவரும் மாதக்கணக்கில் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். முடிவில், கரகம் வருஷத்துக்கு ஒரு பக்கம் முன்னால் போகும். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, பக்கத்துக்கு ஒரு சாவி. நானே பார்த்தேன், ஒன்று பித்தளைப் பூட்டு, இன்னொன்று சைக்கிளுக்குப் போடுகிற பூட்டு. இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். ராத்திரி ரோந்துக்கும் அதே கணக்கு: இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், சேர்ந்துதான் நடக்க வேண்டும். சந்து முனையில் ஒரு கம்பத்தில் நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். என் அண்ணனோடு நடப்பவர், அன்றைக்குச் சண்டையில் எதிரே நின்றவர்.

அந்தச் சந்து விளக்குதான் எரியவில்லை. மாதங்கள் ஆகிவிட்டன. ரோந்து போகிறவர்கள் சந்து முனையோடு திரும்பிவிடுகிறார்கள். பையன்கள் உள்ளே உட்கார்ந்து குடிக்கிறார்கள். நான் இருந்தபோதே ஒரு ராத்திரி அங்கே நிறுத்தியிருந்த மோட்டார்சைக்கிளின் கண்ணாடி உடைந்தது. பத்து நிமிஷத்தில் வாட்ஸாப்பில் குரல் செய்தி: “அவனுங்க வேலதான் இது.” அண்ணனும் அவரோடு ரோந்து நடப்பவரும் கைலியோடு ஓடி, இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் ஒன்றாகப் போய், கையோடு ஆட்களை அழைத்துவந்து டார்ச் அடித்துக் காட்டினார்கள். வண்டி மேலேயே கிடந்தது தென்னை மட்டை. விளக்கு இருந்திருந்தால் அந்தக் குரல் செய்தியே போயிருக்காது.

மறுநாள் அண்ணனோடு நானும் ஊராட்சிக் கவுண்டருக்குப் போனேன். இருந்தவர் நம் பிள்ளைதான், மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, தாமான் விளக்குன்னா நாங்க பாப்போம். அந்தச் சந்து தோட்டத்து லாட்ல, அவங்க நிலத்துல வருது.” தோட்ட அலுவலகத்தில் கேட்டால் கம்பம் நட்டது நாங்கள் இல்லை என்கிறார்கள். பெர்த்தில் கம்பத்தின் எண்ணை இணையத்தில் தட்டிவிட்டால் ஆள் வந்து மாற்றிவிட்டுப் போவான், நிலம் யாருடையது என்று என்னை யாரும் கேட்டதில்லை. அதே பெர்த்தில் என் வண்டிக் கண்ணாடி உடைந்தால் நடுராத்திரியில் கைலியோடு ஓடிவர ஒரு ஆள் கிடையாது. இப்படிப்பட்ட மனிதர்களை ஒரு பல்புக்காக அலையவிடுகிறார்களே என்றுதான் வயிறு எரிகிறது. எங்கள் புகார்த் தாளில் ‘விளக்குப் பழுது’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். இங்கே வெட்டு நடந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னதற்கு அதில் கட்டம் இல்லையாம்.

இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு ஊராட்சிக்கும் தோட்டத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆடிக்குள் விளக்கு வர வேண்டும், இந்த வருஷம் கரகம் முன்னால் போவது அந்தப் பக்கம். நம் ஊர் ஆட்கள் யாராவது நில அலுவலகத்திலோ மின்சார வேலையிலோ இருந்தால் அண்ணனைக் கூப்பிடுங்கள். லாட் எண்ணும் கடிதத்தின் நகலும் அவரிடம் இருக்கின்றன.