எஸ்.எம்.எஃப்-ஆ, கடலோரக் காவலா?

மொரீஷியஸில் தனி ராணுவம் கிடையாது. அந்த வேலையையும் போலீஸின் பிரிவுகளே பார்க்கின்றன: எஸ்.எம்.எஃப் என்ற சிறப்பு நடமாடும் படை (Special Mobile Force), கடலோரக் காவல். அதனால் போலீஸில் சேரும் நம் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறார்கள்.

பயிற்சி: வாக்வா நகரில் இருக்கும் எஸ்.எம்.எஃப் என்றால் துப்பாக்கி, அணிவகுப்பு, மலை மீட்பு.
கடலோரக் காவல் என்றால் முதலில் நீச்சல். அப்புறம் ஓடும் படகிலிருந்து ஏணியைப் பிடித்து, ஆடும் கப்பலில் ஏறிச் சோதனையிட வேண்டும். ஈரக் கை வழுக்கினால் நேரே கடல்தான். 'கட்லஸ் எக்ஸ்பிரஸ்' பன்னாட்டுப் பயிற்சியிலும் இதைச் செய்து பார்ப்பார்கள்.

புயல் வந்தால்: எஸ்.எம்.எஃப் சாலையில் விழுந்த மரத்தை அறுக்கும்.
கடலோரக் காவல் காணாமல் போன மீனவரைத் தேடும்.

வீடு: எஸ்.எம்.எஃப்-இல் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கலாம்.
கடலோரக் காவலின் பாரகூடா ரோந்துக் கப்பலில் போட்டால் நாள்கணக்கில் கடல்.

மலை பிடித்தவர் வாக்வாவுக்குப் போகட்டும். கடல் ஒத்துக்கொள்ளும் பிள்ளை கடலோரக் காவலைத் தயங்காமல் எடுக்கலாம். சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலைக் காக்கும் வேலை அது.