பிரேக்கில் போகும் பெட்ரோல்: என் மைலேஜ் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 5 கியர் உள்ள சாதாரண ஹேட்ச்பேக். வாங்கிய புதிதில் நகருக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டரை ஒட்டித்தான் கொடுத்தது. சில வருடங்கள் கழித்து, அதே சாலையில், அதே நெரிசலில் 17-க்குப் பக்கத்தில் நிற்கிறது. வண்டியில் எதையும் மாற்றவில்லை, எந்தக் கருவியும் பொருத்தவில்லை. கூடுதலாகக் கிடைத்ததில் பெரும்பங்கு என் வலது கால் பழகிக்கொண்டதால் வந்தது. பராமரிப்பு, கிடைத்தது கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறது.

அளப்பது எப்படி என்று சொல்லாமல் மைலேஜ் பேசுவதில் அர்த்தமில்லை. டாஷ்போர்டு காட்டும் சராசரியை நான் நம்புவதில்லை. என் வண்டியில் அது எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே காட்டுகிறது. டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுக்கிறேன். குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். கழுத்து வரை ஊற்றினால் கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே இறங்கிவிடவும் கூடும். ஒரு டேங்க்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்த நாலைந்து டேங்க்குகளின் சராசரியைப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் ஏறக்குறைய 140 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அத்தனையும் டிஸ்க்கில் வெறும் சூடாகப் போய்விடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் உண்டு. அதில் கால்வாசி சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். கணக்குப் போட்டால், அந்த ஒரு நிறுத்தத்துக்கு 17 மில்லி பெட்ரோல். அப்படி 60 முறை நின்றால் ஒரு லிட்டர் காலி. 40-ல் போய் நின்றிருந்தால் நஷ்டம் பாதிக்கும் குறைவு. இந்தக் கணக்கு மண்டையில் ஏறிய பிறகு நான் ஓட்டும் விதமே மாறிவிட்டது.

நடைமுறையில் இது இப்படித்தான் இருக்கும். 300 மீட்டர் தொலைவில் சிக்னல் சிவப்பாகிறது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுகிறேன், கியரை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன். பக்கத்து லேன் வண்டிகள் என்னைத் தாண்டிப் பாய்ந்து போய், சிக்னலில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் மெல்ல உருண்டு போய்ச் சேரும் நேரத்தில் பல முறை பச்சை விழுந்துவிடும். நிற்காமலே, இரண்டாவது கியரில், அவர்களைத் தாண்டிப் போகிறேன். பின்னால் வருபவர் சில நேரம் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

கியரை விட்டுவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. அந்தந்த நொடி மைலேஜ் காட்டும் திரை உங்கள் வண்டியில் இருந்தால், காலை எடுத்ததும் அது உச்சத்துக்கு எகிறுவதைப் பார்க்கலாம். எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங் வேகத்துக்கு அருகில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இறங்கியதும் எரிபொருள் திரும்ப வரும், கவனித்தால் ஒரு சின்ன அசைவு தெரியும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது மிச்சம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும், எஞ்சின் பிரேக்கிங்கும் கிடைக்காது, நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் தொலையும். இன்ஜெக்டர்கள் வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது.

வேகம் எடுப்பதில் என் கருத்து கொஞ்சம் வேறு. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து போவது எனக்குப் பலன் தரவில்லை. பெட்ரோல் எஞ்சினில் காற்றை உள்ளே விடும் வால்வான த்ராட்டில் பாதி மூடியிருந்தால் காற்றை உறிஞ்சவே எஞ்சின் சிரமப்படும். மிதமாக அழுத்தி, 2000-2500 ஆர்பிஎம்முக்குள் அடுத்த கியருக்குப் போய்விடுவதுதான் எனக்குச் சரிப்பட்டது. வண்டி உதற ஆரம்பித்தால் கியர் ஏற்றியது சீக்கிரம் என்று அர்த்தம், உடனே இறக்கிவிட வேண்டும்.

நெடுஞ்சாலையில் விளையாடுவது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருப்பதைவிட 110-ல் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 110-ல் மிச்சமாவது 20 நிமிடம். அவசரம் இருந்தால் அது பெரிய 20 நிமிடம்தான், மறுக்கவில்லை. எனக்குப் பெரும்பாலும் அவசரம் இருப்பதில்லை, 85-90-ல் ஓட்டிவிடுகிறேன். கூரைமேல் கேரியர் காலியாக இருந்தாலும் காற்றைத் தடுக்கும், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஜன்னலா ஏசியா என்ற சண்டைக்கும் விடை வேகத்தில்தான் இருக்கிறது: மெதுவான தெருக்களில் ஜன்னல், வேகமான சாலையில் ஏசி. வெயிலில் நின்ற வண்டியில் முதல் ஒரு நிமிடம் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போட்டால் அதற்கு வேலை குறையும். மிச்சம் பிடிக்கிறேன் என்று வியர்த்து வழிந்துகொண்டு ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போவதிலும்தான்.

சும்மா நிற்கும்போது சின்ன எஞ்சின்கூட மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் அதிகம். 10 விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால், மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் செலவு அதைவிடக் குறைவு. காலையில் எஞ்சினை நின்ற இடத்திலேயே சூடேற்றுவதும் தேவையில்லை. மெதுவாக ஓட்டினால் தானே சூடேறும். குளிர்ந்த எஞ்சின் அதிகம் குடிக்கும் என்பதால், சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடித்துவிடுகிறேன்.

பராமரிப்பில் டயர் காற்றுக்குத்தான் முதல் இடம். எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதை அடிக்கக் கூடாது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டேன். வெளியில் காற்றடிக்கும் இடத்து மீட்டரும் இதுவும் ஒத்துப்போனதே இல்லை. மைலேஜுக்காகச் சிலர் கூடுதலாக 5 பிஎஸ்ஐ வரை ஏற்றுகிறார்கள். சாலைப் பிடிப்பை விற்று வாங்கும் மைலேஜ் எனக்கு வேண்டாம்.

ஏர் ஃபில்டர் பற்றிப் பலரும் சொல்வது இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, அடைத்துப்போன ஃபில்டர் நவீன இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளின் மைலேஜைச் சொல்லும்படி குறைக்கவில்லை, பிக்கப்தான் அடிவாங்கியது. எஞ்சின் நலனுக்காகக் காலத்தில் மாற்றுகிறேன், மைலேஜ் கூடும் என்ற எதிர்பார்ப்பில் இல்லை. ஆயில் விஷயத்தில் கையேட்டில் உள்ள கிரேடைத் தாண்டுவதில்லை. 0W-20 என்ற மெல்லிய கிரேடைச் சொன்ன இடத்தில் தடிமனான ஆயிலை ஊற்றினால் ஓரிரு சதவீதம் அதிலேயே போகும். அதிக ஆக்டேன் பெட்ரோல், அதைக் கேட்காத எஞ்சினுக்கு வீண் செலவு. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் போன்ற சாமான்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேல் சோதித்திருக்கிறது. அவற்றில் உருப்படியாக ஏதாவது மிச்சம் காட்டியவை மிகச் சில.

இடையில் ஒரு சமயம் மைலேஜ் காரணமே இல்லாமல் இறங்கியது. எஞ்சின் விளக்கு எரியவில்லை, காற்றும் சரி. வழக்கமாக உருண்டு போகும் தூரம் மட்டும் குறைந்துபோயிருந்தது. ஒரு பயணம் முடிந்ததும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்பக்க இடது சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) ஒட்டிக்கொண்டு, பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் போட்டதும் பழைய நிலைக்கு வந்தது. டேங்க்குக்கு டேங்க் கணக்கு எழுதும் பழக்கம் இல்லாவிட்டால், பேட் தேய்ந்து சத்தம் வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இப்போது டயர் மாற்றும் நேரம் நெருங்குகிறது. ஐரோப்பிய டயர் லேபிளில் எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரச் சாலைப் பிடிப்புக்கும் A முதல் E வரை தனித்தனி மதிப்பீடு உண்டு. இரண்டிலும் A வாங்கும் டயர்கள் குறைவு. ஈரச் சாலையில் A அல்லது B இருப்பவற்றை முதலில் பிரித்துக்கொண்டு, அதற்குள் எது சிக்கனமோ அதை எடுக்கலாம் என்று இருக்கிறேன். புது டயரின் ஆழமான பட்டைகள் உருளும் தடையைக் கூட்டும் என்பதால் ஆரம்பத்தில் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.